மச்சான் கழுவிய கால்

மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்த வாரத்திலிருந்து எனக்கு வயிறு சரியில்லை. மஞ்சக்குப்பத்து டாக்டர், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். ஒன்றும் சாப்பிடவில்லை, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறேன் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மாத்திரையை மாற்றி எழுதினார். அவருக்கும் பெண் இருக்கிறது போல.

உண்மையில் மாப்பிள்ளையை நான் பார்க்கவில்லை. மகளே பார்த்துக்கொண்டாள். இருவருக்கும் புதுச்சேரியில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. பையன் நல்லவன். என் ஜோக்குகளுக்குச் சிரிக்கிறான், அதுவும் சரியான இடத்தில். அவன் கடலூர்க் கரையோர மீனவக் குடும்பம். நாங்கள் திட்டக்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். நான் செய்த விவசாயம் பள்ளிக்கூடத்தில் அவரை விதை முளைக்க வைத்ததோடு சரி. அதன்பின் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்து, காகிதத்திலிருந்து காகிதம் விளைவித்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் சொந்தக்காரர்களைக் கேட்டால் நாங்கள் ஏர் பிடித்த வம்சம், கடல் பக்கம் பெண் கொடுப்பதாவது என்பார்கள்.

என் மனைவி ஒரே நாளில் சம்மதித்துவிட்டாள். எனக்குத்தான் கொஞ்சம் நாளானது. கொள்கை ஏதும் குறுக்கே நிற்கவில்லை, வெறும் பயம். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எங்கண்ணன் வரணும்ங்க. அம்மா அப்பா போயாச்சி. இருக்கறது அவரு ஒருத்தர். அவரு நிக்காம தாலி ஏறுச்சின்னா அதோட எனக்குப் பொறந்த வூடு இல்ல."

அழவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள், அதனால் அழுதாளா இல்லையா என்பதையும் நான் அடித்துச் சொல்ல முடியாது.

அண்ணன் என்பவர் என் மச்சான். திட்டக்குடியில் உரக்கடை. நெற்றியில் மூன்று பட்டையாகத் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம். யூரியா வாங்க வருகிறவனையும் ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார். வயது பார்க்க மாட்டார், சட்டை கிழிந்திருக்கிறதா என்று பார்க்க மாட்டார். எங்கள் பக்கம் இப்படிப்பட்டவர்களை அடியார் என்போம். ஞாயிற்றுக்கிழமையானால் கோயில் கோயிலாகப் போய் மதிலில் முளைத்த ஆலஞ்செடியைப் பிடுங்குவார்கள், பிரகாரத்தைக் கழுவுவார்கள், பதிகம் பாடுவார்கள். மச்சானுக்கு நல்ல குரல். அவர் பாடும்போது கடவுளை நம்பாதவன்கூடக் கொஞ்ச நேரம் செல்போனைப் பார்க்காமல் இருப்பான்.

அவரிடம் போய்க் கல்யாணத்துக்கு வாருங்கள் என்று சொல்ல வேண்டியது என் வேலை. கடலூரில் பஸ் ஏறினால் நெய்வேலி, விருத்தாசலம் தாண்டித் திட்டக்குடி. ஏறும்போது ஒரு தைரியம் இருக்கும். நெய்வேலியில் அதில் பாதி இறங்கிவிடும். விருத்தாசலத்தில் மிச்சத்தையும் இறக்கிவிட்டு நான் மட்டும் தனியாகப் போய்ச் சேருவேன். மச்சான் வாசலுக்கு வந்து கூட்டிப் போவார். காபி வரும், முறுக்கு வரும், நாயன்மார் கதை வரும். கல்யாணம் மட்டும் வராது.

"மச்சான், அந்த விஷயமா..."

"அத உடு மாப்ள. சாப்ட்டியா?"

இந்த ஒரு வரிக்காகப் போக வர ஒரு நாள் முழுக்கப் பஸ்ஸில் குலுங்கினேன். அப்புறம் அடுத்த மாதமும் குலுங்கினேன். அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு. இடுப்பு ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். வீட்டுக்குத் திரும்பினால் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பாள். நான் சோற்றைப் பார்ப்பேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்க ஒரே விஷயம்தான் இருந்தது. எங்கள் பக்கத்துச் சிவன் கோயில் எதில் நுழைந்தாலும் பிரகாரத்தில் அறுபத்து மூன்று பேர் வரிசையாக நிற்பார்கள். ஆயிரம் வருஷத்துக்கும் முந்திய ஆட்கள். அதில் ராஜா இருக்கிறார், பூசை செய்கிறவர் இருக்கிறார், குயவர் இருக்கிறார், துணி வெளுத்தவர், வேட்டைக்காரர், சேரியில் பிறந்தவர், வலை வீசியவர், எல்லாரும் இருக்கிறார்கள். ஒரே மேடை, ஒரே உயரம், ஒரே மாதிரிக் கூப்பின கை. யார் யார் என்று கீழே எழுதியிருப்பதைப் படித்தால்தான் தெரியும். எண்ணெய் பிசுக்கில் அதுவும் பாதி தெரியாது. யாரோ ஒரு காலத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே ஊர் ஊராக நடந்து, இவ்வளவு பேரையும் ஒரு வரிசையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அது பெரிய காரியம். நாம் அந்த வரிசையைக் கல்லிலே செதுக்கி, பூப் போட்டுக் கும்பிட்டு, வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, அவரவர் தெருவுக்குப் போய்விட்டோம். மச்சான் அந்த வலை வீசியவர் முன்னால் விழுந்து எழுந்திருப்பதை நானே பல தடவை பார்த்திருக்கிறேன். இதை அவரிடம் கேட்கலாமே என்பீர்கள். விருத்தாசலம் வரைக்கும் கேட்பதாகத்தான் இருப்பேன்.

ஒருநாள் அவரே போன் செய்தார்.

"ஞாயித்துக்கெழம கோயில்ல மாகேசுவர பூஜை மாப்ள. நம்ம உபயம். வந்துடு."

மச்சான் வெறுமனே ‘கோயில்’ என்றால் சிதம்பரம். மற்ற ஊர்க் கோயிலுக்கெல்லாம் ஊர்ப் பெயரும் சேர்த்துச் சொல்வார். மாகேசுவர பூஜை என்பது அடியார்களை உட்கார வைத்துச் சோறு போடுவது. சோற்றுக்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. உபயம் செய்கிறவர் ஒவ்வோர் அடியாராகக் காலைக் கழுவி, துண்டால் துடைத்து, சந்தனமும் பூவும் வைத்து, அந்தத் தண்ணீரைத் தன் தலையில் தெளித்துக்கொள்ள வேண்டும். நீறும் கழுத்தில் உருத்திராட்ச மணியும் இருந்தால் போதும். பெயர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது, வேறு எதுவும் கேட்கவே கூடாது. அதுதான் அதில் சட்டம்.

சாமி காரியத்தில் இருக்கும்போது ஆள் இளகியிருப்பார், அப்போது கேட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டுப் போனேன். சன்னதித் தெருப் பக்கத்தில் ஒரு மடம். பெரிய கூடம், ஓரமாக நீள நீளப் பெஞ்சு, அதில் வெள்ளை வேட்டிகள். மச்சானின் மனைவிக்கு இடுப்பு வலி. அதனால் செம்பில் தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு வந்தது. அவர் தாம்பாளத்தை நகர்த்திக்கொண்டே போக, நான் பின்னாலேயே குனிந்து ஊற்ற வேண்டும். "திருச்சிற்றம்பலம்" என்று ஒருவர் குரல் கொடுக்க, பாட்டு தொடங்கியது. கால்களும் தொடங்கின.

கொஞ்ச நேரம் கால்களை மட்டும்தான் பார்த்தேன். பித்தவெடிப்பு, மருதாணி வைத்த நகம், செருப்பு வார் பதிந்த கோடு. நிமிர்ந்து முதுகை நீட்டலாம் என்று தலையைத் தூக்கினேன். பெஞ்சின் கடைசியில் ஒருவர் என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார்.

சம்பந்தி.

பையனின் அப்பாவை அதற்குமுன் பேண்ட் சட்டையில்தான் பார்த்திருக்கிறேன். முன்பு படகில் போனவர், இப்போது துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை. அவர் கழுத்தில் மணி கட்டுகிற ஆள் என்பது எனக்குத் தெரியாது. கேள்வி கேட்கப்போகிற வாத்தியாரைப் பார்த்த பையன் மாதிரி சட்டென்று குனிந்துகொண்டேன். மச்சானுக்கு இவர் முகம் தெரியாது. போட்டோவைக்கூடக் கையில் வாங்க மாட்டேன் என்று சொன்னவர். இன்னும் கொஞ்ச நேரத்தில் இவர் காலை மச்சான் பிடிக்கப்போகிறார். பின்னால் தெரியவந்தால், நான்தான் திட்டம் போட்டு உட்கார வைத்தேன் என்று சத்தியம் செய்வார். என் மனைவியின் பிறந்த வீடு அந்தத் தாம்பாளத்துத் தண்ணீரோடு போய்விடும்.

ஆபத்தில் சிலருக்கு மூளை வேகமாக ஓடும் என்கிறார்கள். எனக்கும் ஓடியது, என்னை விட்டுவிட்டு. முதலில் செம்பைக் கை தவறியது மாதிரி கீழே விட்டேன். யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். பிறகு தண்ணீர் தீர்ந்துவிட்டது என்றேன்.

"பின்னாடி அண்டா நெறைய இருக்குது பாரு."

பார்த்தேன். நிறையத்தான் இருந்தது. எனக்கு வயிறு சரியில்லை என்றேன். அந்த வருஷத்தில் நான் சொன்ன ஒரே கலப்பில்லாத உண்மை அதுதான்.

"ரெண்டு பேரு முடிஞ்சதும் போ மாப்ள. பாதியில எழுந்திரிக்கக் கூடாது."

அந்த இரண்டாவது ஆள்தான் சம்பந்தி. தாம்பாளம் அவர் முன்னால் நகர்ந்தது. அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டு, "வேணாங்கய்யா" என்றார். எல்லா அடியாரும் ஒரு தடவை அப்படிச் சொல்வார்கள், அது மரியாதை. ஆனால் இவர் என்னையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்துகொண்டார். ‘எழுந்து போய்விடட்டுமா’ என்று கண்ணால் கேட்டார். நான் கண்ணால் ‘ஆமாம்’ என்றேன். என் கண் எப்படி ஆமாம் சொன்னதோ, அவர் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து காலை நீட்டிவிட்டார்.

அகலமான கால். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரிந்திருந்தன. இடது பாதத்தின் ஓரத்தில் ஒரு நீளத் தழும்பு. மச்சான் கட்டைவிரலால் அதைத் தடவினார்.

"இது என்னாங்கய்யா காயம்?"

"பழசுங்கய்யா. சிப்பி கிழிச்சது."

நான் ஊற்றியது தாம்பாளத்தில் விழாமல் மச்சானின் மடியில் விழுந்தது. அவர் கட்டைவிரல் தழும்பின் மேலேயே நின்றது. பிறகு மற்றவர்களுக்குச் செய்தது மாதிரியே துடைத்தார், சந்தனம் வைத்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், தண்ணீரை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினேன்.

திரும்பி வந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. மச்சான் சாம்பார் வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தார். சம்பந்தி இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். மச்சான் பக்கத்தில் வந்ததும் சொல்லிவிட்டார்.

"ஐயா, தெரியாம உக்காந்துட்டேன். நாந்தான் கடலூர்ல மாப்ள வூட்டுக்காரன்."

மச்சான் கரண்டியைக் கவிழ்த்து அவர் சோற்றில் சாம்பார் ஊற்றினார்.

"எல முன்னாடி வேற பேச்சு வேணாங்கய்யா. சாப்புடுங்க."

பந்தி முடிந்து, மச்சான் என்னை மடத்து வாசலுக்குக் கூட்டிப் போனார். ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"ஒனக்குத் தெரியுமா அவர?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கழுவியிருக்க மாட்டீங்க."

"சொல்லலன்னா தெரியாதா? சிப்பின்னப்பவே தெரிஞ்சிபோச்சி. ஒன் மூஞ்சியில வேற கொட்ட எழுத்துல எழுதியிருந்துது."

"அதுக்கப்பறமும் தண்ணிய எடுத்துத் தலையில தெளிச்சிக்கினீங்களே."

"கழுவ ஆரம்பிச்ச கால பாதியில உடறதா?"

எனக்குச் சட்டென்று ஒரு நம்பிக்கை வந்தது. "அப்ப கல்யாணத்துக்கு வர்றீங்க."

"அது வேற" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. என்னைவிட அவர்தான் களைத்திருந்தார். படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, கழுத்துல மணி இருக்கற வரைக்கும் அவரு எனக்கு சாமி. அதுல மாத்தமில்ல. தாம்பூலத் தட்டு எடுத்துகினு வந்தா சம்பந்தி. சாமி கால கழுவுனா ஊரு கையெடுத்துக் கும்புடும். சம்பந்தி வூட்ல கை நனைச்சா அதே ஊரு வாசப்படி ஏறாது. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது. அதுங்கள யாரு கேட்டு வருவா? ஒன் பொண்ணு டவுன்ல பொழைக்கும். எம்பொண்ணுங்க?"

தவறு என்று தெரிகிறது, தவறு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. என்னுடைய வழக்கமான ஜோக் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

சம்பந்தி கை கழுவிக்கொண்டு வந்தவர் பின்னால் நின்று இவ்வளவையும் கேட்டிருக்கிறார். முகத்தில் வருத்தமும் இல்லை, சிரிப்பும் இல்லை. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மச்சானைக் கும்பிட்டார்.

"ஐயா சொல்றது சரி. நான் தட்டு எடுத்துகினு வர்ல. அடியேன் வூட்ல ஒரு நல்ல காரியம். மந்திரம் வேணாம், பதிகம் பாடி முடிச்சிக்கலாம்ன்றாங்க புள்ளைங்க. பாட ஆளில்ல. ஐயா வந்து பாடணும்."

மச்சான் அவரையே பார்த்தார். எனக்குச் சொன்ன கதைகளிலெல்லாம் அடியார் வந்து ஒன்று கேட்டால் இல்லை என்று சொன்ன ஆள் ஒருத்தரும் கிடையாது. கட்டின துணியைக் கேட்டாலும் கொடுத்திருக்கிறார்கள், அதைவிடப் பெரியதைக் கேட்டாலும் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கதைகளை எனக்கு முறுக்கோடு சேர்த்துச் சேர்த்துக் கொடுத்தவர் அவர்.

கடைசியில் என் பக்கம் திரும்பினார். "இது ஒன் வேலையா மாப்ள?"

"சத்தியமா இல்ல மச்சான். எனக்கு அவ்ளோ மூள இருந்தா ஏன் ஜெராக்ஸ் கட வெச்சிகினு இருக்கறேன்?"

"அதுவும் சரிதான்" என்றார். பிறகு சம்பந்தியைப் பார்த்து, "தேதி சொல்லுங்கய்யா, வர்றேன்" என்றார்.

கல்யாணம் செம்மண்டலத்தில் ஒரு மண்டபத்தில். மச்சான் பாடுகிறவர்களோடு ஒரு வேனில் வந்து இறங்கினார். மணமகள் அறைப் பக்கம் திரும்பவில்லை. மேடைக்குப் பக்கத்தில் ஜமக்காளத்தில் உட்கார்ந்து தாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். பெண்ணைக் கைபிடித்துக் கூட்டிவரும் மாமன் வேலையை என் மனைவிக்குத் தூரத்து உறவில் ஒரு தம்பி செய்தான். அவனுக்குப் பாவம் வியர்த்துக் கொட்டியது. எனக்கு வியர்த்ததைப் பற்றிச் சொல்லி உங்களை அலுப்பூட்ட வேண்டாம். திட்டக்குடியிலிருந்து யாராவது வந்து கத்துவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், வந்தவர்களை வாங்க என்று சொல்லக்கூட மறந்து.

மச்சான் பாடினார். மண்டபம் அடங்கிவிட்டது. மகள் மணையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

முடிந்ததும் என் மனைவி ஒரு டம்ளரில் பால் எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் எழுந்து கையைக் கூப்பினார்.

"அங்க வெச்சிடுங்கம்மா. குடிச்சிக்கறேன்."

அவள் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். பின்னாலேயே போனேன்.

"கேட்டீங்களா? என்னப் போயி வாங்க போங்கன்றாரு. கூடப் பொறந்தவள."

"வந்துட்டாரில்ல."

"வந்தாரு. எங்கண்ணன்தான் வர்ல."

அன்றைக்குப் பாடிய பாட்டெல்லாம் சாமியை நீ என்றும் வா என்றும் கூப்பிடுகிற பாட்டு. எங்கே ஒளிந்தாய், உனக்குக் கண் இல்லையா என்று கடவுளிடம் சண்டை போடுகிற பாட்டு. கத்திரிக்காய் பேரம் பேசுகிற பாஷையில் கடவுளிடம் பேசலாம் என்று அந்தப் பழைய ஆட்கள் துணிந்ததால்தான் எங்கள் மாதிரி வீட்டுக்குள் எல்லாம் அது நுழைந்தது. சாமியை நெருங்கி வந்து நீ என்று பாடிவிட்டு, அதே வாயால் தங்கச்சியை நீங்கள் என்று தள்ளி நிறுத்திய ஒரே ஆள் என் மச்சானாகத்தான் இருக்கும்.

திட்டக்குடியில் யாரோ அவரைக் கேட்டிருக்கிறார்கள், தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் போனாயாமே என்று. "இல்ல. ஒரு அடியார் வூட்டுக்குப் பாடப் போயிருந்தேன்" என்றாராம். கேட்டவர்கள் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவருடைய பெரிய பெண்ணுக்கு இப்போது வரன் வந்துகொண்டிருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கும் அடியாராகத்தான் வருகிறார். திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலில் மாதம் ஒரு நாள் அவர்களுக்குப் பாட்டு. முடித்துவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். அண்ணனாக இருந்தபோது வருஷத்துக்கு ஒருமுறை வந்தவர், இப்போது மாதம் தவறுவதில்லை. வருவார், கையைக் கூப்புவார், "நல்லாருக்கீங்களாம்மா" என்பார். இவளும் "இருக்கறங்கய்யா" என்பாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து இட்லியை மென்று முழுங்குவேன். எல்லாரையும் சிரிக்க வைக்கிற ஆள் என்று ஊரில் எனக்குப் பேர். அந்த மேசையில் என் கடை ஓடாது.

போன மாதமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். தட்டில் இட்லி. இவள் சாம்பார் ஊற்றினாள்.

"போதுங்கம்மா."

இவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள். இட்லி முழுகியது.

"போதும், போதுங்க."

சாம்பார் தட்டின் விளிம்புக்கு வந்து நின்றது. கை தவறுகிறது என்று நினைத்து நான் பாத்திரத்தைப் பிடிக்கப் போனேன். இவள் முழங்கையால் என்னைத் தள்ளினாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை, மருந்து அளந்து ஊற்றுகிற மாதிரி ஊற்றுகிறாள். மச்சானின் வெள்ளை வேட்டி, துவரம்பருப்புக் கறை, போகாது. விளிம்பு தாண்டி மேசையில் ஓடி, ஒரு கோடு அவர் மடியில் இறங்கியது.

"ஏ பாப்பா, போதும்ன்றேன்ல. காது கேக்கல ஒனக்கு?"

இவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். துணி எடுக்க உள்ளே போனாள்.

மச்சான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இட்லியில் ஒரு துண்டைத் தேடி எடுத்து வாயில் போட்டார். காரம் ஏறியிருக்க வேண்டும், ஒருமுறை செருமினார். பிறகு உள்ளே பார்த்து, பழையபடி, "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றார்.

"பக்கத்துலதான் சொம்பு இருக்குது. எடுத்துக் குடிண்ணா" என்றது உள்ளேயிருந்து குரல்.

எடுத்துக் குடித்தார்.